ஆட்சேபணையின் நாலாவது பத்தி

ஃபிராங்க்ஃபர்ட்
6 ஜனவரி 2022

ஃபின்பார்,

அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நாம் பேசவில்லை. தொலைபேசியில் பேசினால் நீ "ம்" என்கிறாய், நான் கத்துகிறேன், வைத்துவிடுகிறோம். கடிதத்தில் உன் "ம்" கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. நான் இத்தனை வருடமாக வாடகைக்கு இருக்கும் வீடு அதன் சொந்தக்காரருக்கு இப்போது தேவைப்படுகிறது. அவர் மகள் படிப்பை முடித்துவிட்டாள். இந்த நாட்டுச் சட்டத்தில் இதற்குச் 'சொந்தத் தேவை' என்று பெயர். நெடுநாள் குடியிருந்தவள் என்பதால் ஒன்பது மாத அவகாசம் கொடுத்திருக்கிறார். செப்டம்பர் கடைசியில் நான் வெளியே. கடிதம் மிக மரியாதையாக இருந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் அதிலேயே முடித்துக்கொண்டார்.

போகும்போது சமையலறையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உனக்கு இது புரியாது. இங்கே வாடகை வீடு என்றால் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான். அலமாரி, அடுப்பு, கழுவுதொட்டி எல்லாம் குடியிருப்பவருடையது. ஆக இந்த உலகத்தில் எனக்குச் சொந்தமான அசையாச் சொத்து ஒரு சமையலறை. அதையும் அசைக்க வேண்டும்.

அடுத்த செய்தி. நம் ஊரில் அம்மா எனக்கு எழுதிவைத்த மேட்டுப் புல்வெளியில் ஒரு சின்ன வீடு கட்டப் போகிறேன். இரண்டு அறை, இந்தச் சமையலறை, ஒரு வாசல் கதவு. வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கவுன்சிலின் அனுமதிதான் வேண்டும். கிராமப்புறத்தில் உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் கட்டலாம், அவர்களுக்கும் வீட்டுத் தேவை இருந்தாக வேண்டும். எனவே நான் உள்ளூர்க்காரி என்பதற்குச் சான்று திரட்ட வேண்டும்: ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம், விளையாட்டுக் கழகத்திலிருந்து ஒன்று. இவற்றை நீ வாங்கி அனுப்பினால் நன்றி. இங்கே வீடு கட்ட விண்ணப்பித்திருக்கிறது என்ற அறிவிப்பு அட்டையை வாசல் கேட்டில் மாட்ட வேண்டியதும் நீதான்.

பூசை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நீ என்னைக் காட்டி "இவ வந்துட்டுப் போறவ" என்றாய். நான் அடுத்த விமானத்தைப் பிடித்தேன். கவுன்சிலில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் தயவுசெய்து அதைத் திரும்பச் சொல்லாதே.

இன்று பெண்கள் கிறிஸ்துமஸ். நம் ஊரில் இன்றைக்கு ஆண்கள் சமைக்க வேண்டும். நீயும் சமைத்திருப்பாய். ஒரு தட்டுக்கு.

நோரீன்


கில்பிராக், மேற்கு கார்க், அயர்லாந்து
30 ஜனவரி 2022

நோரீன்,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் ஜெர்மன் தபால்தலையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி எழுதிருக்கா போல. யாரு செத்தா?" என்றார். யாரும் இல்லை என்றேன். ஏமாற்றத்தோடு போனார்.

ஞானஸ்நானச் சான்றிதழ் இத்துடன். பாதிரியார் இப்போது நாலு ஊருக்கு ஒருவர். யாரையாவது புதைக்கும்போதுதான் பிடிக்க முடிகிறது. நல்லவேளையாக இந்தக் குளிர்காலம் அதற்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்திலும் கடிதம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் போதவில்லை என்று ஓர் ஆசிரியையைக் குறைத்துவிட்டதால், தலைமையாசிரியை வகுப்பை நடத்திக்கொண்டே எழுதிக்கொடுத்தார். பின்வரிசைப் பிள்ளைகள் 'உள்ளூர்' என்ற வார்த்தையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். தற்செயல்தான்.

கழகத்துச் செயலாளர் கொஞ்சம் யோசித்தார்.

"நோரீன் ஆடினாளா என்ன?"

"ஆடல. ஒரு கோடைக்கு ராஃபிள் பரிசுச் சீட்டு வித்தா."

"அட, நான் ஒண்ணு வாங்கினேனே! வான்கோழி விழும்னா. இன்னும் வரல. கொடு, எழுதித் தர்றேன். உள்ளூர்க்காரிதான், சந்தேகமே இல்ல."

அறிவிப்பு அட்டையைக் கேட்டில் மாட்டிவிட்டேன். வெள்ளை அட்டை. அன்றிலிருந்து இந்தச் சாலையில் வண்டிகள் எல்லாம் மெதுவாகப் போகின்றன. வேகக் கட்டுப்பாட்டுக்காகக் கவுன்சில் செலவு செய்வதற்குப் பதிலாக அறிவிப்பு அட்டைகளை மாட்டலாம். டெனி லூனி டிராக்டரை நிறுத்தி, இறங்கி, கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். டெனி பக்கத்துப் பண்ணை; நீ மறந்திருந்தால் சொல்கிறேன், நாற்பது வருடமாக எதிர்வேலியில் நின்று என்னைக் கவனித்துவருபவர்.

"என்ன ஃபின்பார், ஊருல எவன் செங்கல்லைத் தொட்டாலும் ஆட்சேபணை எழுதுவியே. இதுக்கும் உண்டா? இல்ல சொந்தத் தங்கச்சின்னு விட்டுருவியா?"

நான் "ம்" என்றேன்.

"விடுவ, விடுவ. ரத்தம் ரத்தம்தானே. சட்டமெல்லாம் ஊராருக்கு."

நீ கட்டப்போகும் இடத்தில் மேற்குக் காற்று நேராக அடிக்கும். அப்பா அங்கே போட்ட கொட்டகை இரண்டாவது குளிர்காலத்தில் டெனியின் நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. தகவலுக்காகச் சொல்கிறேன்.

'வந்துட்டுப் போறவ' பற்றி: நீ வந்தாய், போனாய். வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஐரோப்பா முழுவதும் வீட்டு விலை ஏன் ஏறுகிறது என்று உங்கள் நிறுவனம் ஆராய்வதாகப் பூசை அன்று பாதிரியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். கண்டுபிடித்தால் எழுது. இங்கே டெனிக்கு ஏற்கெனவே தெரியும். "பாங்க்காரன்தான்" என்கிறார்.

ஃபின்பார்


ஃபிராங்க்ஃபர்ட்
20 பிப்ரவரி 2022

ஃபின்பார்,

டெனியிடம் சொல், அவருக்கு ஸ்வீடனில் வேலை கிடைக்கும்.

எங்களிடம் காரணம் ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று. ஸ்வீடன் மேசை தூரேயுடையது. அவர் ஊரில் வட்டி ஒன்றுமே இல்லாத அளவுக்கு இருந்ததால் எல்லாரும் கடன் வாங்கினார்கள். வட்டியை மட்டும் கட்டுவார்கள். "அசலை அடைச்சா பாங்க்ல பயந்துடுவாங்க, வீட்டுல ஏதோ சண்டைன்னு" என்கிறார் தூரே. கடன் வேண்டாம், வாடகை போதும் என்பவர்கள் வரிசையில் நிற்கலாம். நகரத்தின் நடுவில் இடம் கிடைப்பதற்குள் முடி நரைத்துவிடும்.

ஹாலந்து மேசையில் வில்லெமைன். வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டுபவர்களுக்கு அரசாங்கம் வரியில் சலுகை தருகிறது. அந்தச் சலுகையை எல்லாரும் விலையின் மேல் ஏற்றி, விற்பவரிடம் பத்திரமாக ஒப்படைத்துவிடுகிறார்கள். மற்றவர் என்ன விலை சொன்னார் என்று தெரியாமல் மூடிய உறையில் கேட்க வேண்டும் என்பதால், பயத்தில் இன்னும் கொஞ்சம். ஹங்கேரியில், பிள்ளை பெறுவோம் என்று கையெழுத்துப் போடும் தம்பதிக்கு மலிவுக் கடன். "பிள்ளை வர்றதுக்கு முன்னாடி விலை வந்துடுச்சு" என்கிறாள் பிரோஷ்கா. இங்கே ஜெர்மனியில், வங்கியில் தூங்கப் பிடிக்காத பணமெல்லாம் சுவர்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

போர்ச்சுகல் மேசை இனாசியோவுடையது. லிஸ்பனில் அவர் அம்மா குடியிருக்கும் கட்டடத்தில் மற்ற வீடுகள் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு. படிக்கட்டில் பெட்டிச் சக்கரங்களின் சத்தம் மட்டும் கேட்குமாம். அந்த அம்மா நாலு மொழியில் காலை வணக்கம் கற்றுக்கொண்டிருக்கிறார். இன்னும் யாரும் இரண்டாவது வாக்கியத்துக்கு நிற்கவில்லை. இதை அறிக்கையில் எங்கே சேர்ப்பது என்று இனாசியோ கேட்டார். பின்னிணைப்பில் என்றேன்.

ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற நாட்டின் முட்டாள்தனத்தைக் கேட்டுச் சிரித்தார்கள், தங்கள் நாட்டினுடையது வரும்போது அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்றார்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: எல்லா நாட்டிலும் வீடு இல்லாதவர்களுக்கு மனதார உதவுகிறார்கள். உதவி போய்ச் சேர்வது வீடு இருப்பவர்களிடம். வழி மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

அயர்லாந்து என் மேசை. யாரும் கேட்காத இடத்தில் கட்டித் தள்ளினோம், வங்கிகள் விழுந்தன, கொத்தனார்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். இப்போது எல்லாரும் வீடு கேட்கிறார்கள், பக்கத்து நிலத்தில் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். சின்னக் கட்டணம் கட்டினால் யாரும் யார் வீட்டுக்கும் ஆட்சேபணை எழுதலாம். கவுன்சில் இணையத்தில் எல்லாவற்றையும் போட்டிருக்கிறது. பகல் முழுக்க அவற்றைப் படிக்கிறேன். வௌவால் வசிக்கும் இடத்தில் கட்டக் கூடாது என்பது சட்டம். நம் மாவட்டத்தில் வௌவால்களுக்கு இத்தனை நண்பர்கள் என்று எனக்குத் தெரியாது.

உன் பெயர் பதினோரு தடவை வருகிறது. பள்ளிக்குப் பின்னால் வர இருந்த முப்பத்தெட்டு வீடுகளும் உன் புண்ணியத்தில் வரவில்லை. 'கிராமத்தின் அமைதி கெடும்' என்று எழுதியிருக்கிறாய். அமைதி இப்போது எப்படி இருக்கிறது?

என் விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. ஆட்சேபணை சொல்ல இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதுவரை யாரும் எழுதவில்லை. டெனிகூட. இதைப் பார்த்ததும் இங்கே என் சமையலறையில் தனியாக ஒரு விஸ்கி ஊற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை. கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் கதவுக்கடியில் சீட்டுச் செருகிவிட்டுப் போயிருந்தார், இன்று ஓய்வு நாள், சத்தம் கூடாது என்று. பல மாதத்தில் என் வீட்டுக்கு வந்த முதல் ஆள். நான் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

நோரீன்


ஃபிராங்க்ஃபர்ட்
21 மார்ச் 2022

ஃபின்பார்,

கடைசி நாளில், அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்னால். உனக்கே உரிய நேரம்.

ஆட்சேபணையாளர்: ஃபின்பார் ஹெகார்ட்டி, கில்பிராக். 'ஒன்று: மேற்படி வீடு மேற்குப் பக்கத்துக் காட்சியைக் கெடுக்கும். இரண்டு: மேற்படி புல்வெளியின் பழைய கல்சுவரில் வௌவால்கள் வசிக்கின்றன.'

இதற்கு மேல் நான் படிக்கவில்லை. சக ஊழியர்கள் முன்னால் திரையை மூடிவிட்டு, கழிவறையில் போய் நின்றேன். பிரோஷ்கா வந்து, "என்ன ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். உங்கள் தபால்காரருக்கு இங்கே ஓர் உறவினர் இருக்கிறார் போல.

அந்தச் சுவரில் வௌவால் கிடையாது, ஃபின்பார். நாம் இரண்டு பேரும் அதன் எல்லாப் பொந்திலும் கையை விட்டுப் பார்த்திருக்கிறோம்.

எனக்கு வேறு இடம் இல்லை என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

நோரீன்


கில்பிராக்
27 மார்ச் 2022

நோரீன்,

வௌவால்கள் பிறகு வந்திருக்கலாம்.

என் நிலைமையையும் யோசி. பதினோரு தடவை ஆட்சேபணை எழுதியவன் பன்னிரண்டாவது தடவை சும்மா இருந்தால் என்ன அர்த்தம்? முந்தின பதினொன்றும் கொள்கை இல்லை, வன்மம் என்று ஆகிவிடும். டெனி தினமும் வேலியருகே வந்து, "இன்னும் எழுதலியா? எழுத மாட்ட!" என்று போய்க்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டு வந்து சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். "ஃபின்பார், நீ நேர்மையானவன்தான். உன்னோட வாழ முடியாது, ஆனா நேர்மையானவன்" என்றார்.

இந்த ஊரில் என்னைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்று சொல்லி வெகுநாள் ஆகிறது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல ஆள் இல்லை. மாடுகளிடம் சொன்னேன்.

நீங்கள் இருநூறு பக்கத்துக்கு அறிக்கை எழுதுகிறீர்கள். ஒன்றரைப் பக்க ஆட்சேபணையை இரண்டாவது பத்தியோடு நிறுத்திவிடுகிறாய். மொத்தம் நாலு பத்தி. மூன்றாவது வடிகால் பற்றியது, அதை விட்டுவிடலாம்.

ஃபின்பார்


ஃபிராங்க்ஃபர்ட்
18 ஏப்ரல் 2022

ஃபின்பார்,

அனுமதி மறுத்துவிட்டார்கள். உனக்கும் ஒரு நகல் வந்திருக்கும். வௌவால்களையும் காட்சியையும் கவுன்சில் கண்டுகொள்ளவில்லை. மறுப்புக்கு ஒரே காரணம்தான்: 'ஆட்சேபணையாளரே அளித்துள்ள தகவலின்படி, விண்ணப்பதாரருக்குப் பொருத்தமான இருப்பிடம் அருகிலேயே உள்ளது.'

அதனால் நாலாவது பத்தியைப் படித்தேன். நீ எழுதியது உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

'நான்கு: விண்ணப்பதாரருக்குப் புதிய வீட்டுக்கான தேவை இல்லை. மேற்படி நிலத்தை ஒட்டி ஐந்து படுக்கையறை கொண்ட வீடு ஒன்று உள்ளது. அதில் தற்போது ஒரு நபர் வசிக்கிறார். அவர் ஓர் அறையை மட்டும் பயன்படுத்துகிறார். தெற்குப் பக்கத்து அறை ஈரமற்றது. பிற்பகல் வரை வெளிச்சம் உண்டு. மேற்படி அறை விண்ணப்பதாரருடையது. அது வேறு எதற்கும் பயன்படுத்தப்படவில்லை. மேற்படி வீட்டில் மாலை நேரங்களில் ஒலித் தொந்தரவு எதுவும் இல்லை.'

மேற்படி, மேற்படி. வாழ்க்கையில் என்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நோரீன், வந்து இருந்துக்கோ" என்று நீ சொன்னதில்லை. கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறாய். அவர்கள் அதை முத்திரை குத்தி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் மாலையில் சத்தமே இல்லை என்பதை இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் கொத்தனார்கள்கூடப் படிக்கலாம். ஆனால் கவுன்சில் வந்து உன்னோடு குடியிருக்காது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான் கேட்டது வீடுகூட இல்லை, ஒரு கதவு. நான் சாத்தினால் சாத்துகிற, நான் திறந்தால் திறக்கிற கதவு. ஐம்பது வயதுக்கு மேல் அண்ணன் வீட்டு அறையில் இருப்பவளை ஊர் எப்படிப் பேசும் என்று உனக்குத் தெரியும். நீயே முதலில் பேசுவாய், "வந்துட்டுப் போறவ, போகல" என்று. ஜெர்மனியில் இன்னொருத்தியின் தேவைக்காக வெளியே போகிறேன். அயர்லாந்தில் எனக்குத் தேவையே இல்லை என்று தீர்ப்பு. இரண்டு நாட்டிலும் மிக மரியாதையான காகிதம்.

நாலு வாரத்துக்குள், கவுன்சிலுக்கு மேலே இருக்கும் வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். செய்யமாட்டேன். நான் அந்த ஊர்க்காரிதான் என்று இன்னொரு தடவை நிரூபிக்க என்னிடம் தெம்பில்லை, வான்கோழியும் இல்லை. விமான நிலையத்துக்கு அப்பால் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றை விலைக்குப் பார்த்திருக்கிறேன். வங்கி ஜூலையில் கடனுக்குக் கையெழுத்துப் போடும். ஜன்னலைத் திறந்தால் மற்றவர்கள் ஊருக்குப் போவது தெரியும்.

நோரீன்


கில்பிராக்
29 ஏப்ரல் 2022

நோரீன்,

சட்டத்தைப் படித்தேன். கவுன்சிலின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை விண்ணப்பித்தவருக்கு உண்டு. ஆட்சேபணை எழுதியவருக்கும் உண்டு. இந்த வழக்கில் ஆட்சேபணை எழுதியவர் ஒரே ஒருவர்.

ஆட்சேபணைக்குக் கவுன்சில் கொடுத்த ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வாரியம் மனுவை வாங்காது. என்னுடையதை மாடு தின்றுவிட்டது. நகல் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் பேனாவை எடுத்தாள்.

"வாங்க ஃபின்பார். இன்னைக்கு யாரோட வீடு?"

"என் தங்கச்சியோடது."

"அதுதான் முடிஞ்சிடுச்சே. நீங்க சொன்னதையே ஏத்துக்கிட்டோமே."

"அதுக்குத்தான் மேல்முறையீடு."

"புரியல. நீங்கதானே ஆட்சேபிச்சீங்க?"

"ஆமா."

"இப்ப உங்க ஆட்சேபணையை ஏத்துக்கிட்டதை ஆட்சேபிக்கிறீங்க."

"சரியாப் புரிஞ்சுக்கிட்ட."

அவள் உள்ளே போய் இரண்டு பேரைக் கூட்டிவந்து என்னைக் காட்டினாள். ஒருவர் கை கொடுத்தார்.

மனுவின் நகல் உனக்கு வாரியத்திலிருந்து வரும். முக்கியமான பகுதி இது: 'மேற்படி வீடு விண்ணப்பதாரருக்குப் பொருத்தமானது என்று கவுன்சில் முடிவு செய்தது தவறு. மேற்படி வீட்டில் வசிக்கும் நபர் பேசுவதில்லை. கேட்டாலும் ஒரே எழுத்தில் பதில் சொல்கிறார். தனக்கு வேண்டியதைக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவரோடு ஒரே கதவைப் பயன்படுத்தும்படி யாரையும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. விண்ணப்பதாரருக்குத் தனிக் கதவு தேவை. இந்தத் தகவலின் உண்மைக்கு நானே பொறுப்பு.'

டெனியிடம் இன்னும் சொல்லவில்லை. தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்வார்.

நீ அமைதி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கடையை மூடிவிட்டார்கள், ஆள் இல்லை என்று. மதுக்கடை வெள்ளியும் சனியும் மட்டும். அந்த முப்பத்தெட்டு வீடு வந்திருந்தால் பள்ளிக்குப் பின்னால் விளக்கு தெரியும். நான் அதைத்தான் ஆட்சேபித்தேன், 'இரவு வெளிச்சம்' என்று, அந்த ஆட்சேபணையின் இரண்டாவது பத்தியில்.

தெற்கு அறைக்கு முற்றத்துப் பக்கம் ஒரு கதவு உண்டு, உனக்கு நினைவிருக்காது. அம்மா அலமாரியை வைத்து அடைத்திருந்தாள். அலமாரியை நகர்த்திவிட்டேன். பூட்டுக்கு எண்ணெய் போட்டேன். ஒரே சாவிதான், அது இந்த உறையில் இருக்கிறது. இதை வாரியத்துக்கு எழுதவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஃபின்பார்


ஃபிராங்க்ஃபர்ட்
4 செப்டம்பர் 2022

ஃபின்பார்,

சாவி கோடை முழுக்க என் மேசையில் கிடந்தது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அதைக் காகிதத்தின் மேல் வைப்பேன், எழுதாமல் எழுந்துவிடுவேன்.

ஜூலையில் மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. முடிவெடுத்த கட்டடம் எங்கள் அலுவலக ஜன்னலிலிருந்து தெரியும். அன்று காலை அதைப் பார்த்து, "விலை இனி தணியும்" என்று ஒரு வானொலிக்குப் பேட்டி கொடுத்தேன். மதியம் என் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். "உங்களுக்கு நாங்க முன்னாடி சொன்ன கடனை இப்ப தர முடியாதுங்க. காரணம் உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும்" என்றார் அந்தப் பையன். ஃபிளாட் ஒரு பல் மருத்துவருக்குப் போயிற்று. அவருக்குக் கடன் தேவைப்படவில்லை. வட்டி ஏறினால் இப்படித்தான் நடக்கும் என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நான்தான் எழுதியிருக்கிறேன்.

அறிக்கை வெளியாகிவிட்டது. எல்லா நாட்டு அமைச்சர்களும் வரவேற்றார்கள், மற்ற நாடுகள் பின்பற்ற வேண்டும் என்று. அயர்லாந்து அத்தியாயத்துக்கு உள்ளூர் உதாரணம் ஒன்று வேண்டும் என்றார் இயக்குநர். உன் மனுவைக் கொடுத்தேன், பெயர் இல்லாமல். திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது வீட்டு விலை பத்தினது இல்லியே, நோரீன்" என்றார்.

வாரியம் முடிவு சொல்லும்வரை விண்ணப்பதாரர் எங்கேயாவது இருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரம் வருகிறேன். வாரியம் முடிவு சொல்லும்வரை மட்டும். சமையலறையும் வேனில் வருகிறது. வீட்டுக்காரர் மகளுக்கு வேறு நிறம் பிடிக்குமாம். கொட்டகையில் இடம் பார்த்து வை. என்னை யாரிடமும் அறிமுகப்படுத்தாதே. பேச வேண்டியதில்லை. ஆனால் "ம்" வேண்டாம்.

வாரியத்தின் தாமதமும் அயர்லாந்தில் விலை ஏறுவதற்கு ஒரு காரணம் என்று எழுபத்தொன்றாம் பக்கத்தில் கண்டித்திருக்கிறேன். கடுமையான பத்தி. இந்த வாரம் அதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்று இருக்கிறது.

நோரீன்


கில்பிராக், சமையலறை
6 ஜனவரி 2023

நோரீன்,

முற்றத்தில் மழை. நீ சுற்றிக்கொண்டு வந்தால் நனைவாய் என்பதால் இதை உன் அறையின் உள்பக்கத்துக் கதவுக்கடியில் செருகுகிறேன். இந்த வாசல் வழியாக வந்தால் நாலடிதான். அதை நீ பயன்படுத்துவதில்லை. சொல்லிக்காட்டவில்லை.

இன்று நான் சமைக்கும் நாள். பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும். இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று கொஞ்சம் விரிசல் விட்டது, அது என்னுடையது.

காலையில் டெனி வேலியருகே நிறுத்தினார். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் தபால் எழுதிக்கிறீங்களாமே? தபால்தலையாவது ஒட்டுறீங்களா?" என்றார். ஒட்டுவதில்லை என்றேன். முழு வாக்கியமாகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டதற்காகப் பழகிவருகிறேன். உன்னிடம் இன்னும் வரவில்லை. நேற்று மாலை நீ "காத்து பலமா இருக்கு" என்றாய். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் தயாராகும்போது நீ உன் கதவைச் சாத்திக்கொண்டாய். சாத்தினால் சாத்துகிறது. கேட்டது. ஆம், பலமாகத்தான் இருந்தது.

உன் ஜெர்மன் சமையலறை கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. கன்றுகள் இழுப்பறையைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. கயிறு கட்டியிருக்கிறேன்.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது, உனக்கொன்று எனக்கொன்று. இரண்டும் ஒன்றே என்பதால் என்னுடையதை மட்டும் பிரித்தேன். முடிவு எடுப்பது மறுபடியும் தள்ளிப் போகிறதாம். வேலைப் பளுவாம். எப்போது முடியும் என்று இப்போது சொல்ல இயலவில்லை, வருந்துகிறோம் என்கிறார்கள். இந்தத் தாமதத்துக்கு ஆட்சேபணை இருந்தால், சம்பந்தப்பட்ட இரு தரப்பும் மூன்று வாரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம்.

நான் எழுதப் போவதில்லை.

நீ?

ஃபின்பார்